இரண்டு மில்லிமீட்டர் உள்ளே

ஒரிமோவின் கடை வாசலில், ஈரச் சிமென்ட் தரையில் ஒரு பழைய செய்தித்தாளை விரித்து அதன்மேல் பக்கவாட்டில் படுத்துக்கொண்டு, ஹன்யூதா தன் காரின் முன்சக்கரத்தை ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். மட்கார்டின் விளிம்பிலிருந்து ஒரு நூல் தொங்கியது. நூலின் நுனியில் ஒரு பித்தளைக் குண்டு. நூலுக்கும் சக்கரத்தின் விளிம்புக்கும் நடுவே அவர் ஸ்கேலை நுழைத்தார்.

“ஒம்பது,” என்றார்.

“ஒம்பதா?” என்றார் கடைக்காரர் ஒரிமோ, கையிலிருந்த துணியால் ஸ்பேனரைத் துடைத்தபடி.

“ஒம்பது மில்லிமீட்டர் உள்ள இருக்கு. நான் என்ன கேட்டேன்?”

“வெளியவும் வரக்கூடாது, உள்ளயும் போகக்கூடாது, மட்கார்டோட ஒட்டி நிக்கணும்னு கேட்டீங்க.”

“இப்ப ஒட்டியா நிக்குது?”

ஒரிமோ குனிந்து பார்த்தார். “கொஞ்சம் கூச்சப்பட்டு நிக்குதுன்னு வெச்சுக்கங்களேன்.”

கடைக்குள்ளே மண்ணெண்ணெய் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து டின் காபி குடித்துக்கொண்டிருந்த நாலைந்து பேர் சிரித்தார்கள். சனிக்கிழமைதோறும் அங்கே அப்படி ஒரு கூட்டம் உண்டு. எல்லோரும் ஒரே வகைக் காரின் சொந்தக்காரர்கள்: இருவர் மட்டும் உட்காரக்கூடிய, கூரையை மடித்துப் பின்னால் போட்டுக்கொள்ளக்கூடிய சின்னக் கார். ஒரிமோ வேறு எந்தக் காரையும் தொடுவதில்லை.

ஹன்யூதா எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். பிறகு சக்கரத்தின் நட்டுகளை ஒவ்வொன்றாக விரல் முட்டியால் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். “பிரேக்க மிதிங்க,” என்றார். காருக்குள் யாரும் இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. “சும்மா சொன்னேன்,” என்று முகக்கவசத்தை மேலே இழுத்துவிட்டுக்கொண்டார்.

அடுப்படியில் சிரிப்பு சட்டென்று நின்றுபோயிற்று. அதை அவர் கவனிக்கவில்லை.

ஹன்யூதாவுக்கு வயது நாற்பத்தெட்டு. அரசாங்க வாகனச் சோதனை நிலையத்தில் இருபத்திரண்டு வருடமாக ஆய்வாளர். மூன்றாம் வரிசை அவருடையது. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு காரும் அந்த வரிசையில் வந்து நிற்க வேண்டும். சக்கரம் மட்கார்டுக்கு வெளியே துருத்தக்கூடாது. வண்டியின் அடிவயிறு தரையிலிருந்து ஒன்பது சென்டிமீட்டராவது உயர்ந்திருக்க வேண்டும். மற்ற ஆய்வாளர்கள் கண்ணால் பார்த்துவிட்டு அனுப்பிவிடுவார்கள். ஹன்யூதா நூலைத் தொங்கவிடுவார். மாகாணம் முழுக்க, தாழ்த்திய கார் வைத்திருக்கும் ஆண் பெண் அனைவரும் அவரைக் ‘குண்டுநூல்’ என்றுதான் சொல்வார்கள். அவர் பெயரைக் கேட்டாலே சிலருக்குச் சோறு இறங்காது.

அப்படிப்பட்டவர் இந்தக் கடைக்கு எப்படி வந்தார் என்று கேட்டால், ஒரு பொருளை வேண்டாமென்று தள்ள வேண்டுமானால் முதலில் அதை நன்றாகப் பார்க்க வேண்டியிருக்கிறதே. இருபத்திரண்டு வருடம் தரையில் படுத்து, அந்தச் சின்னக் கார்களின் இடுப்பையும் தோளையும் அவ்வளவு அருகில் பார்த்தவர் கடைசியில் என்ன ஆவார்? போன இலையுதிர்காலத்தில், கரும்பச்சை நிறத்தில், முந்தைய சொந்தக்காரர் சட்டத்துக்கு உட்பட்டே தாழ்த்தி வைத்திருந்த ஒன்றை வாங்கிவிட்டார். அலுவலகத்தில் ஒருவருக்கும் சொல்லவில்லை. ஒரிமோவின் கடைக்குத் தொப்பியும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு வந்தார். பெயர் கேட்டபோது மனைவியின் பிறந்த வீட்டுப் பெயரைச் சொன்னார்: கொமோரி.

வண்டியுடன் வந்த சக்கரங்கள் மட்கார்டுக்குள் பதினெட்டு மில்லிமீட்டர் பதுங்கி நின்றன. சட்டம் அதைப் பார்த்துப் புன்னகைக்கும். ஹன்யூதாவுக்கோ, பல் செட்டைக் கழற்றி வைத்த முகம்போல் தெரிந்தது. வேறு சக்கரம் வேண்டும். மற்றவர்கள் என்ன செய்வார்களென்றால், பிடித்த அகலச் சக்கரத்தைப் போட்டுக்கொண்டு ஊர் சுற்றுவார்கள். சோதனை நாளன்று மட்டும் பழைய சக்கரத்தை மாட்டிக்கொண்டு வந்து பயபக்தியுடன் நிற்பார்கள். பாஸானதும் வீட்டுக்குப் போய் மறுபடி மாற்றிக்கொள்வார்கள். ஆய்வாளர்களுக்கும் இது தெரியும். ஹன்யூதாவால் மட்டும் அது முடியாது. வரிசையில் நிற்கும் காரும் சாலையில் ஓடும் காரும் ஒரே காராக இருக்க வேண்டும் என்று ஆயிரக்கணக்கானவர்களிடம் சொன்ன வாய் அவருடையது.

அவர் மனைவி சுமியே பொறுமைசாலிதான். ஆனால் அக்டோபர் தொடங்கி ஜனவரிவரை, சாப்பாட்டு மேசையில் எதிரே உட்கார்ந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு சூப் கிண்ணத்தின் விளிம்பைப் பார்க்கும் மனிதரோடு எத்தனை நாள் குடித்தனம் நடத்துவது?

“ஏங்க, வண்டிக்குச் சோதனை என்னைக்கு?” என்று ஒரு நாள் கேட்டார்.

“மார்ச் பதினெட்டோட முடியுது.”

“அதுக்குள்ள உங்களுக்குப் பிடிச்ச சக்கரமும் சட்டத்துக்குப் பிடிச்ச சக்கரமும் ஒண்ணாகணும். அதோட பாஸாச்சுன்னா வண்டி நம்ம வீட்டுல இருக்கட்டும், நானும் ஏறி உக்காருறேன். ஆகலையா, குடுத்துட்டு உசரமா ஒரு டப்பா வண்டி வாங்கிருவோம். எங்கம்மா குனியாம ஏறுவாங்க, நீங்க குனியாம சாப்புடுவீங்க.”

சுமியே சொன்னால் சொன்னதுதான். ஹன்யூதா மறு சனிக்கிழமையே கிளம்பிவிட்டார். அப்படி வாங்கிய முதல் சக்கரம்தான் இப்போது ஒன்பது மில்லிமீட்டர் கூச்சப்பட்டு நின்றது.

இதில் ‘ஆஃப்செட்’ என்று ஒரு எண் உண்டு. சக்கரத்தின் நடுக்கோட்டிலிருந்து, அது அச்சோடு பொருந்தும் முகம் எத்தனை மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது என்பதே அந்த எண். எண் கூடினால் சக்கரம் உள்ளே போகும்; குறைந்தால் வெளியே வரும். இது புரிய ஒரு மாலை பிடிக்கும். புரிந்துவிட்டால் அப்புறம் வேறு எதுவும் மனதில் நிற்காது. ஒரிமோ போட்டுக்கொடுத்தது ஏழு அங்குல அகலம், ஆஃப்செட் நாற்பத்திரண்டு.

“இன்னும் பதினஞ்சு மில்லி வண்டிய எறக்கிப் பாத்தா?” என்றார் ஹன்யூதா. “மட்கார்டு கீழ வந்து சக்கரத்து மேல உக்காரும். கண்ணுக்கு ஒட்டின மாதிரி தெரியும்.”

“எறக்கிறலாம்,” என்றார் ஒரிமோ உடனே. அவர் வேண்டாம் என்று சொல்லும் ரகமே இல்லை. வாடிக்கையாளர் காரைத் தலைகீழாக மாட்டச் சொன்னால், எந்தப் பக்கம் கதவு வரவேண்டும் என்றுதான் கேட்பார்.

“குளுருல நிக்காதீங்க கொமோரி ஐயா, உள்ள வாங்க,” என்று அடுப்படியிலிருந்து ஓர் அம்மாள் கூப்பிட்டார். சுனகா அம்மாள், அறுபத்திமூன்று வயது, ரயிலடியில் முடிதிருத்தும் கடை வைத்திருப்பவர், வெளியே நின்ற சிவப்புக் கார் அவருடையது. அடுப்பின்மேல் சுட்டுக்கொண்டிருந்த சர்க்கரைவள்ளிக் கிழங்கை இரண்டாக உடைத்துப் பெரிய பாதியை நீட்டினார். “சாப்புடுங்க. நீங்க ரொம்பக் கண்டிப்பானவரா இருக்கீங்க. எங்களுக்கு அது ரொம்பப் பிடிச்சிருக்கு.”

ஹன்யூதாவுக்கு வெட்கமாக இருந்தது. வரிசையில் இருபத்திரண்டு வருடத்தில் ஒருவரும் அவருக்குக் கிழங்கு கொடுத்ததில்லை.

இரண்டு வாரம் கழித்து, அகாகி மலையிலிருந்து இறங்கும் வறண்ட காற்று கடையின் தகரக் கதவைப் போட்டு உலுக்கிக்கொண்டிருந்த ஒரு காலையில், இறக்கிய வண்டியின் முன் ஹன்யூதா மறுபடி தரையில் படுத்தார். நூல் தொங்கியது. ஸ்கேல் நுழைந்தது.

“பதிமூணு!”

“கூடிருச்சா?” என்றார் ஒரிமோ.

“வண்டி எறங்கினதும் சக்கரத்தோட தலை உள்பக்கமா சாய்ஞ்சிருச்சு. ஒம்பது போயி பதிமூணு.” ஹன்யூதா ஸ்கேலை எடுத்துக்கொண்டு வண்டியின் அடியில் இன்னும் நகர்ந்தார். சைலன்சர் குழாய்க்கு நேராக ஸ்கேலை நிறுத்தினார். வெளியே வந்தபோது அவர் முகத்தில் தெரிந்த பாதியும் வெளுத்திருந்தது. “ஏழு புள்ளி ஏழு சென்டிமீட்டர். ஒம்பது வேணும். இது ரோட்டுல போகவே கூடாது.”

“யாரு ஐயா படுத்து அளக்கப் போறா?”

“நான்.”

ஒருவர் டின் காபியை வாயருகே வைத்தபடியே நிறுத்திவிட்டார்.

ஹன்யூதா இருமினார். “நான்னா... என் மனசாட்சி.”

“கொமோரி ஐயாவோட மனசாட்சி கையில ஸ்கேலோட பொறந்திருக்கு,” என்றார் சுனகா அம்மாள். எல்லோரும் மிகவும் சத்தமாக, தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே, சிரித்தார்கள்.

“அப்ப இந்த அளவு ஆகாதுங்கறீங்க?” என்று சுவரோரம் நின்றிருந்த ஒரு ஒல்லி மனிதர் கேட்டார்.

“ஆகவே ஆகாது.”

“சுத்தமா?”

“சுத்தமா.”

ஒல்லி மனிதர் ஆழமாகத் தலையாட்டிக்கொண்டார். என்ன ஒரு அக்கறை என்று ஹன்யூதா நினைத்துக்கொண்டார்.

பழைய உயரத்துக்கே திரும்பியிருக்கலாம். ஆனால் இறங்கி நின்ற அந்தப் பின்பக்கத்தை ஒருமுறை பார்த்துவிட்டார். மனசு வரவில்லை. வண்டி அப்படியே இருக்கட்டும், தரைக்கும் வயிற்றுக்கும் உள்ள இடைவெளியை டயரில் ஏற்றிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டார். பக்கச்சுவர் உயரமான டயர். பதினைந்து மில்லிமீட்டர் இறக்கியதை டயர் பதினைந்து மில்லிமீட்டர் தூக்கிவிடும். காகிதத்தில் பார்க்க அழகாக இருந்தது.

“போட்டுறலாம்,” என்றார் ஒரிமோ.

போட்டார். ஒன்பது சென்டிமீட்டர் தாண்டியது. ஹன்யூதா நிமிர்ந்து உட்கார்ந்து, வானொலியைப் போட்டுக்கொண்டு, நேர்சாலையில் ராஜா மாதிரி வந்தார். முதல் சிக்னலில் வலப்பக்கம் திரும்பினார்.

க்ர்ர்ர்ர்ர்.

நடைபாதையில் நாயோடு போன ஒரு பெண் நாயைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். அடுத்த திருப்பத்திலும் அதே சத்தம். உயரமான டயர் திரும்பும்போதெல்லாம் உட்சுவரில் உரசியது. வீட்டுக்குப் போக ஐந்து வலத் திருப்பம். ஹன்யூதா இடப்பக்கமே மூன்று முறை திரும்பி வலப்பக்கம் போகும் உத்தியைக் கண்டுபிடித்தார். அப்போது இடப்பக்கமும் உரசுகிறது என்று தெரிந்தது, அதுவும் மூன்று மடங்கு.

சுமியே வாசலுக்கு வந்து நின்றார். “என்னங்க அது, தெருமுனையில இருந்து யாரோ முள்ளங்கி துருவிக்கிட்டே வர்ற மாதிரி இருக்கு?”

“டயர்.”

“எத்தனை முள்ளங்கி மிச்சம் இருக்கு?”

“ஒரே ஒரு மாத்தம்தான். முடிஞ்சிரும்.”

“இன்னைக்குப் பிப்ரவரி பதினாலு,” என்றார் சுமியே. உள்ளே போய்விட்டார்.

அந்த வாரம் மூன்றாம் வரிசையில் ஒரு விசித்திரம் நடந்தது. பருமனான ஒருவர் தன் காரை ஓட்டிக்கொண்டு வந்தார். ஹன்யூதா நூலைத் தொங்கவிட்டார். ஒரு மில்லிமீட்டர் வெளியே.

“தகுதியில்லை.”

“ஐயா, ஒரே ஒரு மில்லிமீட்டர்! அதுக்குப் போயா?”

வழக்கமாக ஹன்யூதா பதில் சொல்வதில்லை. சீட்டைக் கிழித்து நீட்டுவார். அன்று மட்டும் சீட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டார். “ஒரு மில்லின்னா சும்மாவா? அதுக்கு எத்தனை சனிக்கிழமை போகுது தெரியுமா?” என்றவர், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குனிந்து, “ஆஃப்செட்ட மூணு ஏத்திப் பாருங்க. உசரத்துல கைய வெச்சிராதீங்க. உசரம் ஒரு பொதைகுழி,” என்றார்.

பருமனானவர் சீட்டோடு நின்று, ஹன்யூதா அடுத்த காருக்குப் போய்விட்ட பிறகும் வெகுநேரம் அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊருக்குச் சொன்ன புத்தியை ஹன்யூதா தான் எடுத்துக்கொள்ளவில்லை. உட்சுவரில் உரசுகிறதென்றால் சக்கரத்தை வெளியே கொண்டுவந்தால் போயிற்று. மட்கார்டோடு ஒட்டி நிற்க வேண்டும் என்ற ஆசையும் அதிலேயே நிறைவேறும். அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில், நூடுல்ஸ் கிண்ணத்துக்குப் பக்கத்தில் காகிதத்தை வைத்துக் கணக்கிட்டு, தொலைபேசியிலேயே சொல்லிவிட்டார்: ஏழரை அங்குல அகலம், ஆஃப்செட் முப்பது.

“முப்பதா?” என்றார் ஒரிமோ. முதன்முறையாக அவர் குரலில் ஒரு நடுக்கம். “ஐயா நல்லா யோசிச்சீங்களா? முப்பது உங்களுக்குச் சம்மதமா? உண்மையாவா?”

“சம்மதம்.”

அந்தப் பக்கம் யாரோ கைதட்டியதுபோல் கேட்டது.

மார்ச் ஏழாம் தேதி சனிக்கிழமை கடையில் உட்கார இடமில்லை. ஏழெட்டுப் பேர் நின்றுகொண்டே காபி குடித்தார்கள். ஒரிமோ ஜாக்கியை இறக்கினார். ஹன்யூதா செய்தித்தாளை விரித்தார். நூலைத் தொங்கவிட்டார்; அது தொங்கவே இல்லை. குண்டு டயர் மேலேயே உட்கார்ந்துவிட்டது.

“ஆறு,” என்றார், தரையிலிருந்தே. “ஆறு மில்லிமீட்டர் வெளிய.”

கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது.

“ஆறுதானே?” என்றார் ஒல்லி மனிதர் நப்பாசையோடு. “கண்ணுக்கு அழகாத்தானே இருக்கு? இந்தத் தடவ விட்டுறலாமே?”

“அழகாத்தான் இருக்கு,” என்றார் ஹன்யூதா. பொய் சொல்ல அவருக்கு வராது. அந்த வண்டி அன்று இருந்ததுபோல் அவர் எந்த வண்டியையும் பார்த்ததில்லை. கை பாட்டுக்குச் சட்டைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்தது. ‘முன் இடது: ஆறு வெளியே. முன் வலது: ஆறு வெளியே. தகுதியில்லை.’ கீழே ‘ஹன்’ என்று எழுதி, அங்கேயே நின்று, அடித்துவிட்டு, ‘கொமோரி’ என்று போட்டார். சீட்டை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் தன் பையிலேயே வைத்துக்கொண்டார்.

“எடுத்துட்டுப் போகலையா ஐயா?”

“இப்படியே எப்படி ஓட்டிட்டுப் போறது? இங்கயே கெடக்கட்டும். நான் ரயில்ல போய்க்கிறேன்.”

குண்டுநூலைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு அவர் ரயிலடியை நோக்கி நடப்பதை எல்லோரும் வாசலில் நின்று பார்த்தார்கள். சுனகா அம்மாள் மட்டும் பின்னாலேயே ஓடிவந்து ஒரு கிழங்கைக் கையில் திணித்தார். “விட்டுறாதீங்க ஐயா. உங்களத்தான் நம்பியிருக்கோம்,” என்றார். ரயில் வந்து, ஏறி, உட்கார்ந்த பிறகுகூட அந்தச் சொல் அவர் நெஞ்சில் சூடாக இருந்தது. கிழங்கும்தான்.

“வண்டி எங்க?” என்றார் சுமியே.

“கடையில.”

“பழுதா?”

“நல்லா ஓடும். என்னாலதான் ஓட்ட முடியல.”

சுமியே எதிரே உட்கார்ந்தார். மேசைமேல் ஒரு வண்ணத்தாள் கிடந்தது. அதில் ஒரு வெளிர்நீல டப்பா வண்டி சிரித்துக்கொண்டிருந்தது. “இன்னும் பதினோரு நாள். இதப் பாருங்க. கதவு தானா தொறக்குது. சக்கரம் எங்க இருக்குன்னு தேடித்தான் கண்டுபிடிக்கணும். நிம்மதி.”

ஹன்யூதா அந்தத் தாளை வெகுநேரம் பார்த்தார். அதன் சக்கரங்கள் உள்ளே இருபத்தைந்து மில்லிமீட்டராவது இருக்கும். “சுமியே, எல்லாரும் பண்ற மாதிரி பழைய சக்கரத்த மாட்டிட்டுப் போய்ப் பாஸ் வாங்கிட்டு வந்துரலாம்தான். உனக்குத் தெரியவா போகுது?”

“எனக்குத் தெரியாது,” என்றார் சுமியே. “நீங்க மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கறது தெரியும்.” பிறகு வண்ணத்தாளை எடுத்து மடித்தார், ஆனால் தூக்கிப்போடவில்லை. “அடுத்த சனிக்கிழமைதான் கடைசி. போய்ட்டு வாங்க. ஒரு கண்ண மூடி யோசிச்சது போதும், ரெண்டையும் தொறந்து யோசிங்க.”

பதினான்காம் தேதி காலை ஹன்யூதா கடைக்குள் நுழைந்தபோது செய்தித்தாள் கொண்டுவரவில்லை.

“எல்லாத்தையும் கழட்டிருங்க,” என்றார். “வண்டி வந்த அன்னைக்கு இருந்த உசரம். அன்னைக்கு இருந்த டயர் அளவு.”

“சக்கரம்?”

ஹன்யூதா ஒரு பென்சிலை வாங்கி, கிழங்கு சுற்றிவந்த காகிதத்தைத் திருப்பி எழுதினார். “பழைய சக்கரம் பதினெட்டு உள்ள நிக்குது. அகலத்த ஆறரையில இருந்து ஏழாக்கினா ஆறு மில்லி வெளிய வரும். ஆஃப்செட்ட நாப்பத்தஞ்சுல இருந்து முப்பத்தஞ்சாக்கினா இன்னும் பத்து. மொத்தம் பதினாறு. மிச்சம் ரெண்டு.” அவர் நிமிர்ந்தார். “ஏழு அங்குலம். முப்பத்தஞ்சு.”

ஒரிமோ கையைப் பின்னால் நீட்டி, அலமாரியின் இரண்டாம் தட்டிலிருந்து ஒரு சக்கரத்தை இறக்கினார். “இந்தாங்க.”

“இது... இங்கயேவா இருந்துச்சு?”

“மூணு வருஷமா இருக்கு.”

“மொத நாளே சொல்லியிருக்கக் கூடாதா?”

“நீங்க கேக்கலையே ஐயா!”

டயர் மாட்டி, சக்கரம் மாட்டி, உயரம் சரிசெய்ய மதியமாகிவிட்டது. அடுப்படிக் கூட்டம் ஒருவர் குறையாமல் காத்திருந்தது. ஹன்யூதா வெறுந்தரையிலேயே படுத்தார். முன் இடது. முன் வலது. பின் இடது. பின் வலது. சைலன்சருக்கு அடியில் ஸ்கேல் நுழைந்தது. ஒன்பது புள்ளி இரண்டு. வெளியே வந்தார். பத்தடி பின்னால் போனார். ஒரு கண்ணை மூடினார். பிறகு சுமியே சொன்னது ஞாபகம் வந்து அதைத் திறந்தார்.

கரும்பச்சைக் கார் தரையோடு தரையாக, தோள் நிறைந்து, யாருக்கும் பயப்படாமல் நின்றது.

“ரெண்டு,” என்றார். “நாலு மூலையிலயும் ரெண்டு மில்லிமீட்டர் உள்ள.”

“திருப்தியா ஐயா?” என்றார் ஒரிமோ. “இனிமே திரும்ப வர மாட்டீங்கல்ல?”

“வர மாட்டேன்.”

கைதட்டல் கூரையைப் பிளந்தது. ஒல்லி மனிதர் பக்கத்தில் இருந்தவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். சுனகா அம்மாள் கண்ணைத் துடைத்தார். முன்பின் தெரியாத ஒரு கொமோரிக்காக இவ்வளவு சந்தோஷப்படும் மனிதர்களையா இத்தனை வருடம் சந்தேகக் கண்ணோடு பார்த்தோம் என்று ஹன்யூதாவுக்கு அழுகையே வந்துவிட்டது. குனிந்து வணங்கினார். அவர்களும் குனிந்து வணங்கினார்கள். அவர் ஒரு முறை கூடுதலாகக் குனிந்தார். ஒரிமோ மட்டும் பாதி வணக்கத்திலேயே, ஏதோ அவசரம்போல, தொலைபேசியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை ஹன்யூதா விடுப்பு எடுத்தார். தன் நிலையத்தில் முகம் காட்ட முடியாதென்பதால் பக்கத்து மாகாணத்துச் சோதனை நிலையத்துக்குப் போனார். முதன்முறையாக வரிசையின் அந்தப் பக்கத்தில் நின்றார். அங்கே நின்றால் கை எவ்வளவு வேர்க்கிறது, ஆய்வாளர் எவ்வளவு மெதுவாக நடக்கிறார் என்பதெல்லாம் இருபத்திரண்டு வருடத்தில் அவருக்கு யாருமே சொல்லவில்லை. அந்த ஆய்வாளர் குனிந்து பார்த்தார். சந்தேகப்பட்டார். படுத்தார். பிறகு எழுந்து முத்திரையைக் குத்தினார்.

“அடுத்தது,” என்றார்.

அதைவிட இனிமையான ஒரு சொல் அந்த மொழியில் இருப்பதாக ஹன்யூதாவுக்குத் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சுமியே வாக்கைக் காப்பாற்றினார். கூரையை மடித்த காரில், கதவைப் பிடித்து, ஒரு காலை வைத்து, “அய்யோ” என்று மெதுவாகச் சொல்லி, இருக்கைக்குள் விழுந்தார். “உக்காந்தாச்சு. எந்திரிக்கிறத அப்புறம் பாத்துக்கலாம்,” என்றார். அகாகி மலைச் சாலையில் வளைவுக்கு வளைவு திரும்பினார்கள். முள்ளங்கிச் சத்தம் வரவில்லை. ஏரிக்கரையில் நிறுத்தியபோது சுமியே கீழே இறங்கி, பத்தடி பின்னால் போய், தானும் ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

“நல்லாத்தாங்க இருக்கு,” என்றார். மாலையில் வீட்டுக்கு வந்ததும் வெளிர்நீல வண்டியின் வண்ணத்தாளைக் கிழித்து, மிச்சமிருந்த பஜ்ஜியின் எண்ணெயை ஒற்றி எடுத்தார்.

திங்கட்கிழமை காலை. தலைக்கவசம், முகக்கவசம், கையில் சின்னச் சுத்தியல், பையில் குண்டுநூல். மூன்றாம் வரிசை திறந்தது. நிதியாண்டு முடிவதால் மார்ச் கடைசியில் கூட்டம் எப்போதும் அதிகம். தன் பழைய முகத்தை எடுத்து மாட்டிக்கொண்டு ஹன்யூதா முதல் வண்டிக்குப் போனார்.

வெள்ளை நிறச் சின்னக் கார், இருவர் உட்காரக்கூடியது. தாழ்த்தியது. அவர் புருவம் தானாக ஏறியது. நூலைத் தொங்கவிட்டார்.

இரண்டு மில்லிமீட்டர் உள்ளே.

முத்திரை குத்தினார். அடுத்தது கறுப்பு. அதே கார், அதே தாழ்வு. நாலு மூலையும் அளந்தார். இரண்டு. குத்தினார். மூன்றாவது வெள்ளி நிறம். இரண்டு. நான்காவது நீலம், ஓட்டிவந்தவர் ஒரு பருமனான மனிதர், வெறித்துப் பார்க்காமல் மரியாதையாக எதிரே இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு. அடிவயிறு ஒன்பது புள்ளி இரண்டு. இருபத்திரண்டு வருடத்தில் தாழ்த்திய கார் தொடர்ந்து நாலு பாஸானதே இல்லை.

ஹன்யூதா முதுகை நிமிர்த்தி வாசலைப் பார்த்தார். நிலையத்தின் கதவைத் தாண்டி, தெருமுனைவரை, சின்னச் சின்னக் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. எல்லாவற்றுக்கும் தோள் நிறைந்திருந்தது.

ஐந்தாவது கார் மெல்ல முன்னால் வந்து கோட்டில் நின்றது. சிவப்பு. ஹன்யூதா முகக்கவசத்தைக் கண்வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு, குனியாமலே, குரலை மாற்றி, கரகரவென்று கேட்டார்.

“இந்த அளவ உங்களுக்கு யாரும்மா சொன்னது?”

சுனகா அம்மாள் கண்ணாடியை முழுசாக இறக்கினார்.

“நீங்கதான், கொமோரி ஐயா. எந்த அளவப் போட்டா நீங்க கடைக்குத் திரும்பி வர மாட்டீங்களோ அதையே ஆர்டர் குடுத்துரலாம்னுதானே, மொத சனிக்கிழமையில இருந்து நாங்க பதினாலு பேரும் மொறை வெச்சு வேலைய விட்டுட்டு ஒக்காந்திருந்தோம்!”